வந்தா வண்டி

திட்டு வாங்குவதற்கென்றே ஓர் ஆளை வேலைக்கு எடுத்து, அவனுக்குக் கம்பி போட்ட ஒரு ஜன்னலும் ஒரு மைக்கும் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள் என்றால் இப்போது உள்ளவர்கள் நம்ப மாட்டார்கள். அந்த ஆள் நான்தான். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தேன். மழை பெய்தாலும் என்னைத்தான் திட்டினார்கள், டயர் வெடித்தாலும் என்னைத்தான் திட்டினார்கள். தாலுகா முழுக்க எனக்குத் தெரியாத வசவு கிடையாது.

போன மாதம் பென்ஷனுக்கான வாழ்நாள் சான்று விஷயமாக டெப்போவுக்குப் போயிருந்தேன். இப்போது டைம் கீப்பராக இருக்கும் செல்வி தன் போனைக் காட்டினாள். அதில் அழுகிற முகத்திலிருந்து சிரிக்கிற முகம் வரை வரிசையாகப் படங்கள். பயணிகள் எதையாவது ஒன்றை அமுக்கினால் போதும், புகார் போய்விடுமாம்.

“உங்க காலத்துல எப்டி சார் புகார் பண்ணுவாங்க?” என்று கேட்டாள்.

“மூஞ்சிய எடுத்துக்கினு நேர்லயே வந்துடுவாங்கம்மா” என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், அது முழு உண்மை இல்லையே என்று உறுத்தியது. வராதவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலில் வந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன், அவர்கள்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. சின்னசேலம் ரூட்காரர்களுக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். அதனால் அவர்கள் கோபத்துக்கு வேகம் ஜாஸ்தி. குடைக் காம்பால் ஜன்னல் கம்பியைத் தட்டித் தட்டி, கம்பியில் அந்த இடம் மட்டும் பெயின்ட் போயிருந்தது. ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயிகள் பத்துப் பேராக வருவார்கள். ஒருத்தர் பேசுவார், மிச்சப் பேர் “ஆமா, கேளு அத” என்பார்கள். அடுத்த வாரம் அவரே ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டு, “அன்னிக்கிக் கொஞ்சம் ஜாஸ்தியா பேசிட்டேன், மனசுல வச்சுக்காத” என்பார். வடக்கனந்தல்காரர்கள் பேசவே மாட்டார்கள். எந்த வண்டி புறப்படத் தயாராக நிற்கிறதோ அதற்கு முன்னால் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள்.

காதர் பாய் மட்டும் தனி ரகம். பஸ் ஸ்டாண்டை ஒட்டி மளிகைக்கடை வைத்திருந்தார். சரக்கு எடுக்க அடிக்கடி சின்னசேலம் போவார். வண்டி பத்து நிமிடம் தாமதமானாலும் “புக்கு குடுங்க சார்” என்று கை நீட்டுவார். சணல் கயிற்றில் கட்டித் தொங்கிய புகார் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, முத்து முத்தான கையெழுத்தில், ‘மதிப்பிற்குரிய ஐயா, நலம். நலமறிய ஆவல்’ என்று ஆரம்பிப்பார். பக்கம் முழுக்க என்னைக் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டு, ‘தங்கள் அன்புள்ள’ என்று கையெழுத்துப் போடுவார். பிறகு டீ வாங்கிக் கொடுப்பார். அந்தப் புத்தகத்தில் பாதி அவர் எழுதியதுதான்.

நான் முதலில் கண்டக்டராகத்தான் சேர்ந்தேன். ஆறு வருடம் ஓடினேன். ஒரு திருப்பத்தில் படியிலிருந்து விழுந்து இடுப்பு பிசகியது. லேசான வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுக்க, ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். பழைய டைம் கீப்பர் மூன்று நாளில் வேலையைச் சொல்லிக் கொடுத்தார். அதில் இரண்டரை நாள் ரிஜிஸ்தர். மிச்ச அரை நாள் ஒரே ஒரு வார்த்தை. யார் எந்த வண்டியைக் கேட்டாலும் “இப்ப வந்துரும்” என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது நிமிர்ந்து பார்க்கக் கூடாது.

எங்கள் கிளை மேலாளர் சபாபதி சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியாக இருப்பார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சண்டைக்கு வந்த பயணியைத் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, தான் எதிரில் நின்றுகொண்டு கேட்பார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு எவனுக்கும் பாதிக் கோபம்கூட மிஞ்சாது. எங்களைக் கண்டிப்பதாக இருந்தால் முதலில் “சாப்பிட்டீங்களா?” என்று கேட்பார். பதில் வரும்வரை கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்துக்கொண்டிருப்பார். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வருவார். அதனால் டெப்போவில் யாராவது யாரையாவது சாதாரணமாக “சாப்டியா?” என்று கேட்டால்கூடக் கேட்கப்பட்டவன் திடுக்கிடுவான். தினமும் காலையில் டெப்போவுக்கு வந்ததும் அவர் முதலில் கையில் எடுப்பது புகார் புத்தகத்தைத்தான். காதர் பாய் எழுதியதை ரசித்து இரண்டு முறை படிப்பார்.

இப்போது மலை வண்டிக்கு வருகிறேன்.

கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குத் தினமும் இரண்டு வண்டி. ஒன்று காலை ஆறரைக்கு, இன்னொன்று மதியம் ரெண்டரைக்கு. மலைக்காரர்கள் காலை வண்டி திரும்பும்போது அதில் இறங்கி வந்து, கடுக்காய், புளி, பலாப்பழம் என்று கொண்டுவந்ததை விற்றுவிட்டு, உப்பு, துணி, மருந்து வாங்கிக்கொண்டு ரெண்டரை வண்டிக்கு நிற்பார்கள். நல்ல ஜனங்கள். வரிசை கலைக்க மாட்டார்கள், ஜன்னல் பக்கம் வரமாட்டார்கள்.

வண்டி ஏதாவது பழுதானால் அதற்குப் பதிலாக அனுப்ப டெப்போவில் ஸ்பேர் வண்டி ஒன்று இருப்பதாகக் கணக்கு. அது எப்போதும் பட்டறையில் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். அப்படியானால் சின்னசேலம் வண்டி நின்றுவிட்டால் என்ன செய்வது? ஸ்டாண்டில் இருக்கும் ஏதாவது ஒரு வண்டியை எடுத்துத்தான் அனுப்ப வேண்டும். எதை எடுப்பது என்று முடிவு செய்வது டைம் கீப்பர். ரிஷிவந்தியம் வண்டியை எடுத்தால் பத்துப் பேர் வருவார்கள். வடக்கனந்தல் வண்டியை எடுத்தால் துண்டை விரிப்பார்கள். மலை வண்டியை எடுத்தால் ஒன்றும் நடக்காது. நான் மலை வண்டியை எடுத்தேன். ட்ரிப் கட் என்று இதற்குப் பெயர்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். மைக்கில், “ரெண்டரை மணி வெள்ளிமலை வண்டி இயந்திரக் கோளாறு காரணமாக ரத்து” என்று சொல்வேன். மலைக்காரர்கள் கூரைமேல் ஏற்றிய மூட்டைகளை இறக்கிக்கொள்வார்கள். டிரைவர் பாவாடை வண்டியை ஸ்டாண்டுக்குப் பின்னால் டீசல் பங்க் மறைவுக்கு ஓட்டிப் போவார். அங்கே வெள்ளிமலை போர்டைக் கழற்றிவிட்டுச் சின்னசேலம் போர்டை மாட்டி, வேறு வாசல் வழியாக உள்ளே கொண்டுவருவார். நான் ரிஜிஸ்தரில் ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதுவேன். பாவாடை மட்டும் “பாவம் சார்” என்பார். நான் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன். மலைக்காரர்களில் கால் வலுத்தவர்கள் கச்சிராயபாளையம் வண்டியில் அடிவாரம் வரைக்கும் போய் மலையேறி நடப்பார்கள். முடியாதவர்கள் ஸ்டாண்டிலேயே தங்கிக் காலை வண்டிக்குப் போவார்கள். ஒருவர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர்களுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத்தான் பழகிவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. ஊர்வலம், கடையடைப்பு என்று அவ்வப்போது நடந்துகொண்டிருந்தது, ஒரு வாரம் முழுக்கச் சாலை மறியல் என்று வந்து நின்றது. மறியல் ஆரம்பிப்பதற்கு முந்தின நாள் ஸ்டாண்டில் தேர்க் கூட்டம். எல்லாரும் எப்படியாவது ஊர் போய்ச் சேர்ந்துவிடத் துடித்தார்கள். அன்றைக்குப் பார்த்து சின்னசேலம் வண்டி கிளட்ச் போய் நின்றது. ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் குடைகளோடு வந்து என் ஜன்னலை மொய்த்தார்கள். நான் வழக்கம்போல மைக்கை எடுத்தேன்.

மலை வண்டியிலிருந்து எல்லாரும் இறங்கினார்கள். கடைசியாக ஒருவரை நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். முப்பது வயதுக்காரர், பெயர் பொன்னன். கடுக்காய் பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து, பெரியாஸ்பத்திரியில் தொடைவரைக்கும் மாவுக்கட்டுப் போட்டு, அன்று மதியம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பின்னாலேயே அவர் மனைவி சடச்சி, தலையில் ஒரு மூட்டையோடு இறங்கினாள். மற்றவர்கள் கச்சிராயபாளையம் வண்டியைப் பிடிக்க ஓடினார்கள். மாவுக்கட்டோடு மலை ஏற முடியாது. இவர்கள் இருவரும் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டார்கள்.

முதல் முறையாக ஒரு மலைக்காரி என் ஜன்னலுக்கு வந்தாள்.

“டைம் சாரு, காத்தால வண்டி வருங்களா?”

“வந்துரும்” என்றேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

காலை வண்டி வரவில்லை. விடிவதற்குள் எல்லா ரோட்டிலும் மரம் விழுந்து கிடந்தது. புளியமரம், வேப்பமரம், எது ரோட்டோரம் நின்றதோ அது. எங்கள் வண்டிகள் எல்லாம் டெப்போவில் முடங்கின. ஆனால் டைம் கீப்பருக்கு லீவு கிடையாது. வண்டியே இல்லாத ஸ்டாண்டில், காலையில் வந்து ஜன்னலைத் திறந்து உட்கார வேண்டும். எதிரே சிமென்ட் பெஞ்சில் பொன்னன், மாவுக்கட்டுக் காலை நீட்டியபடி. பக்கத்தில் சடச்சி. அவ்வளவு பெரிய ஸ்டாண்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

தினமும் காலையில் வந்து கேட்பாள். “இன்னிக்கி வருங்களா?” கோபம் இல்லை, குத்தல் இல்லை. மழை வருமா என்று கேட்பதுபோலக் கேட்பாள். இல்லை என்றால் “சரிங்க” என்று போய்விடுவாள். இரண்டாம் நாள் நான் வருவதற்குள் என் ஜன்னலுக்கு முன்னால் கிடந்த குப்பையெல்லாம் கூட்டி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன். “சும்மா குந்திக்கினு இருக்கேங்க” என்றாள். குடைக் காம்பால் ஆயிரம் பேர் தட்டியபோது வராத வெட்கம் எனக்கு அந்தக் கூட்டின தரையைப் பார்த்து வந்தது.

அன்றுதான் சொன்னாள், வீட்டில் இரண்டு குழந்தைகளாம். “பக்கத்து வூட்டுல வுட்டுட்டு, ஒருநாள்ல வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்தேன். சின்னது கேக்காது, அழுவும்” என்று சொல்லிவிட்டு, என்னைத் தேற்றுவதுபோல, “பெரிசு பாத்துக்குங்க” என்றும் சேர்த்துக்கொண்டாள்.

காதர் பாய் கடையை அரைக்கதவு திறந்து வைத்து அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்துவந்தார். அவர் எல்லாவற்றையும் பார்த்தவர். அன்று டீசல் பங்க் மறைவில் போர்டு மாறியதும் அவருக்குத் தெரியும், அந்த வண்டியில்தான் அவரே சின்னசேலம் போய் வந்திருந்தார். மூன்றாம் நாள் சோற்றுத் தூக்கோடு வந்தவர், தூக்கை பெஞ்சில் வைத்துவிட்டு என் ஜன்னலுக்கு வந்து, “புக்கு குடுங்க சார்” என்றார். வண்டியே ஓடாத நாளில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தேன். கயிறு எட்டும் தூரம் வரைக்கும் புத்தகத்தை இழுத்து, பேனாவைத் திறந்தார்.

“சொல்லும்மா. நீ சொல்லு, நான் எழுதறேன்.”

“இன்னா எழுதறது பாய்?”

“அன்னிக்கி உங்கள எறக்கி வுட்டாங்களே, அத. அடிக்கடி எறக்கி வுடறாங்களே, அத. எழுதினா மேல போவும். கேள்வி கேப்பாங்க. சம்பந்தப்பட்ட ஆளயே மாத்திடுவாங்க.” சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

சடச்சி கணவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“வாணாம் பாய். நோவுக்கு யார இன்னா சொல்றது? சரியாவணும்னு எங்க ஊரு அம்மனுக்குச் சேவல் நேந்து வுட்டுருக்கோம். மூணு மாசம் தவறாம வண்டி வந்துச்சுன்னா அறுக்கறதுன்னு, ஊரே கூடி வேண்டிக்கினோம். சரியாயிடும்.”

நான் ரிஜிஸ்தரில் எழுதிய பொய்க்கு ஒரு மலை முழுக்கச் சேர்ந்து வேண்டுதல் வைத்திருக்கிறது. இயந்திரக் கோளாறு என்று மைக்கில் சொன்னதை நம்பி, ஒரு டீசல் இன்ஜினுக்காக ஒரு சேவல் அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறது. பாய் பேனாவை மூடினார். புத்தகத்தைக் கம்பி வழியாக உள்ளே தள்ளினார். ஒன்றும் எழுதவில்லை. அன்றைக்கு அவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

பொன்னன் வலியை மறக்க ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். “காத்தால வர்றத நாங்க ஆறரை வண்டிம்போம். ரெண்டரை வண்டிக்கு மலையில வேற பேருங்க. ‘வந்தா வண்டி’. வந்தாத்தான வண்டி? வரலைன்னா வெறும் ரோடுதான.” நானும் சிரித்து வைத்தேன். “இப்பல்லாம் யாரும் அத நம்பிக் கெளம்பறதில்லீங்க. காலு நல்லா இருந்திருந்தா நானும் நடந்திருப்பேன்” என்றார்.

அதைக் கேட்ட அன்று மாலையே கச்சிராயபாளையம் ரோட்டுக்கு நடந்து போனேன். விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் என் மச்சானும் இருந்தான். பொன்னனை ஏற்றிப் போக ஒரு மாட்டு வண்டியையாவது விடச் சொல்லிக் கேட்டேன்.

“நாங்க எத்தினி வருஷமா கேட்டுக்கினு இருக்கோம் மாமா? எவன் காதுலயாவது வுழுந்துச்சா? ரோட்டுல குந்தினதுக்கு அப்பாலதான் திரும்பிப் பாக்கறான். ஒரு வாரம் பொறுத்துக்க மாட்டாங்களா அவங்க?”

“பொறுத்துக்கினுதான்டா இருக்காங்க” என்றேன். அவன் கேட்டதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கத்தினால்தான் கேட்கும் என்று அவனுக்குக் கற்றுக் கொடுத்தவர்களில், ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நானும் ஒருத்தன். அவன் எனக்காக இறங்கிப் போய்க் கேட்டுப் பார்த்தான். அடுத்தடுத்து பத்து இடத்தில் மரம் கிடக்கிறது, மாடு தாண்டாது என்றார்கள்.

வாரம் முடிந்து ரோடு திறந்ததும் முதல் வண்டியாக மலை வண்டியைத்தான் அனுப்பினேன். பொன்னனைத் தூக்கி உட்கார வைக்க நானும் ஒரு கை பிடித்தேன். சடச்சி ஜன்னல் வழியாக “வரோங்க” என்றாள். போய்த் திரும்பிய பாவாடை என்னிடம் வந்து, “சின்னப் புள்ள இருக்குதே சார், வண்டி நிக்கிற எடத்துலயே ஒரு வாரமா வந்து வந்து குந்திக்கினு இருந்துச்சாம். யாரு கூப்ட்டும் வூட்டுக்குப் போவலயாம்” என்றார்.

ஒரு மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து தபால் வந்தது. சபாபதி சார் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே போனதும், “சாப்பிட்டீங்களா?” என்றார். இல்லை என்றேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தபாலை என் பக்கம் நகர்த்தினார். பயணிகள் ஆதரவு இல்லாததால் ரெண்டரை மணி வெள்ளிமலை நடையை நிரந்தரமாக நிறுத்த உத்தேசம், கிளையின் கருத்தைத் தெரிவிக்கவும் என்று இருந்தது.

“தினம் பார்க்கறது நீங்கதான். ஆள் வர்றதில்லையா?”

வருவதில்லை என்பது உண்மைதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் என் பொய்யெல்லாம் அந்த வண்டியோடு சேர்ந்து மறைந்துபோயிருக்கும். யாருக்கும் தெரிந்திருக்காது. ஊருக்குப் போக வழியில்லாமல் பெஞ்சில் நீட்டிக் கிடந்த அந்த மாவுக்கட்டுக் கால் மட்டும் கண்ணுக்குள் நின்றது. வேலை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

“ஆள் வராததால வண்டி நிக்கல சார். வண்டிய நிறுத்தி நிறுத்தித்தான் ஆள் வராம போச்சு. நிறுத்தினது நான்.”

“ரிஜிஸ்தர்ல இயந்திரக் கோளாறுன்னு இருக்கு.”

“இயந்திரத்துல கோளாறு எதுவும் இல்ல சார்.” எல்லாவற்றையும் சொன்னேன். டீசல் பங்க் மறைவு, போர்டு, பெஞ்சு, சேவல்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு எழுந்து வந்து, என்னைத் தன் நாற்காலியில் உட்காரச் சொன்னார். எதிரே நின்றுகொண்டு சொன்னார். “புகார் புத்தகத்தைத் தினம் படிக்கறேன்னு எனக்கு ஒரு பெருமை உண்டு. மலைக்காரங்க ஒரு வரிகூட எழுதினதில்லை. அந்த ரூட்டு நல்லா ஓடுதுன்னு நினைச்சுக்கிட்டேன். அப்படி நினைச்சுக்கறது எனக்கும் சவுகரியமா இருந்தது.”

நான் சொன்னதை என் கையெழுத்திலேயே எழுதி வாங்கி, அதன் கீழே, ‘மேற்பார்வைக் குறைவு என்னுடையது’ என்று தன் கையெழுத்திலும் ஒரு வரி சேர்த்து அனுப்பினார். இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. மலை வண்டிக்கு ஆள் சேர்கிறதா என்று பார்க்க மூன்று மாதத் தவணை கிடைத்தது. எனக்கு அவர் போட்ட தண்டனை தனி. நாளையிலிருந்து நான் டைம் கீப்பர் இல்லை. ரெண்டரை வண்டியின் கண்டக்டர்.

“இனிமே அந்த வண்டியை யாராவது வெட்டணும்னா, உங்களை இறக்கிவிட்டுத்தான் வெட்டணும்” என்றார்.

இடுப்புக்குப் பெல்ட் கட்டிக்கொண்டு ஏறினேன். முதல் இரண்டு வாரம் வண்டியில் நானும் பாவாடையும் ஐந்தாறு பேரும்தான். மலைத் திருப்பங்களில் பாவாடை நீளமாக ஹாரன் அடிப்பார். தூரத்துக் கொல்லைகளில் வேலை செய்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், திரும்பக் குனிந்துகொள்வார்கள். ஒரு பொய்யைச் சொல்ல அரை நிமிடம் போதும், அதைத் திரும்ப வாங்க மலை ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. இரண்டு முறை சின்னசேலம் வண்டி பழுதானது. புது டைம் கீப்பர் கண்ணால் ஜாடை காட்டினார். நான் படியை விட்டு இறங்கவில்லை. அன்று குடைக்காரர்களிடம் அவர் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் பாவமாகத்தான் இருக்கிறது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆனபோது மூட்டைகள் கூரைக்கு ஏற ஆரம்பித்தன. பிறகு பெண்கள் வந்தார்கள். பிறகு சினை ஆட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். ஆடு ஏறிவிட்டதால் இனிப் பயமில்லை என்று பாவாடை சொன்னார்.

மூன்று மாதம் முடிந்த மறுநாள், வெள்ளிமலைக்கு முந்தின நிறுத்தத்தில் வண்டியை மறித்துக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. ஒரு நிமிடம் எனக்கு வடக்கனந்தல் துண்டுதான் ஞாபகம் வந்தது. இறங்கிப் பார்த்தால் பொன்னன், ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் சேவல். சடச்சி மஞ்சளைக் குழைத்து வண்டியின் நெற்றியில் பூசி, குங்குமம் வைத்து, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாள். பக்கத்தில் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் நின்றது. அந்தக் குழந்தையை நேராகப் பார்க்க என்னால் முடியவில்லை. சடச்சி அதே மஞ்சளோடு என் பக்கம் திரும்பி, என் நெற்றியிலும் வைத்தாள்.

“எனக்கு எதுக்கும்மா? வண்டிக்குத்தான வேண்டிக்கினீங்க?”

“வண்டிக்கு இன்னாங்க நோவு? அது இரும்பு. நாங்க வேண்டிக்கினது உங்களுக்குங்க.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்குக் காது சூடானது.

“அப்ப... தெரியுமா உங்களுக்கு?”

“நோவு வந்த வண்டி சின்னசேலத்துக்கு மட்டும் எப்டிங்க ஓடும்?” என்றார் பொன்னன். “இடது பக்க லைட்டுல பச்ச பெயின்ட்டு அடிச்சது எங்க வண்டி ஒண்ணுதான. போர்ட மாத்தினா எங்க வண்டி எங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுக்கினேவா அந்த வாரம் பூரா என் எதுர்ல இருந்தீங்க? பாய் புக்க வச்சுக்கினு கேட்டாரே, ஏம்மா சொல்லல?”

சடச்சி சேவலைக் கணவனிடமிருந்து வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். “ஆளயே மாத்திடுவாங்கன்னு சொன்னாருங்களே பாய். புச்சா ஒருத்தன் வந்து குந்துவான். அவனுக்கு மறுபடியும் மொதல்லேருந்து ஒரு சேவல வளக்கணும். உங்களுக்குப் பாதி சரியாயிட்ட மாதிரி இருந்துச்சு. தரைய பாத்து வெக்கப்பட்டீங்களே.”

அன்று வண்டி வெள்ளிமலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக நின்றது. பாவாடையும் நானும் வாழையிலையில் சாமைச் சோறும் சேவல் குழம்பும் சாப்பிட்டோம். சின்னப் பெண் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தது. தாமதத்துக்கான காரணத்தை அந்த ஒருநாள் என்னால் ரிஜிஸ்தருக்குச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை சபாபதி சார் கூப்பிட்டார். ஒரு மணி நேரத் தாமதம் அவர் காதுக்குப் போயிருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

“சாப்பிட்டீங்களா?”

“சாப்ட்டேன் சார். பயணிங்க போட்டாங்க.”

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டு என் நெற்றியைப் பார்த்தார். கழுவியும் மஞ்சள் முழுசாகப் போகவில்லை. மலை வண்டியை இனி நிறுத்த மாட்டார்கள், தண்டனை முடிந்தது, திரும்ப ஜன்னலுக்கே வந்துவிடலாம் என்றார். எனக்கு மலை வண்டியே இருக்கட்டும் என்றேன். சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, புகார் புத்தகத்தை எடுத்துப் பிரித்தார். காதர் பாய் புதிதாக ஏதோ எழுதியிருந்தார். நான் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரெண்டரை வண்டிக்குப் போர்டு மாட்டப் போனேன்.